ஐந்து நாளுக்கு 4,200 ரூபாய்

2014 தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 21, என் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய் ஏறியது. தேதி இவ்வளவு துல்லியமாக மனதில் நிற்பதற்குக் காரணம் அந்தப் பணம் இல்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து நான் செய்த முட்டாள்தனம்தான்.

என் பெயரில் வாங்கிய முதல் பயிர்க் கடன் அது. அப்பா இருந்தவரை சொசைட்டிப் பக்கம் நான் போனதெல்லாம் ரேஷன் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். பலகையில் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்று நீளமாக எழுதியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொசைட்டி, அவ்வளவுதான். மன்னார்குடிக்குத் தெற்கே வாய்க்கால் கரையோரம் ஓட்டுக் கட்டடம், பக்கத்திலேயே உரக் கிடங்கு, வாசலில் ஒரு வேப்பமரம். கடன் வாங்க வந்தவர்கள், உரத்துக்கு வந்தவர்கள், நகை மீட்க வந்தவர்கள் எல்லோரும் அந்த மரத்தடியில்தான் காத்திருப்பார்கள்.

அப்பா இறந்து நிலம் என் கைக்கு வந்தபோது, கடன் வாங்குவது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது. பட்டா தாத்தா பெயரில் கிடந்தது. அப்பாவுக்கு அது தொந்தரவாக இருந்ததில்லை. செகரட்டரி பழைய ஆள், முகம் பார்த்தே எழுதிக்கொடுப்பார். என் காலத்தில் ஆள் மாறிவிட்டார், நடைமுறையும் மாறிவிட்டது. வாரிசுச் சான்று, அத்தை கையெழுத்து, கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு, அப்புறம் தான் சிட்டா. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் அடங்கலுக்கு விஏஓ ஆபீஸ். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ. 'அ' வகுப்பு உறுப்பினராகச் சேர்ந்து பங்குத் தொகை கட்ட வேண்டும். வாங்கும் கடனுக்குத் தக்கபடி அந்தப் பங்கும் கூடும், கடனில் பிடித்துக்கொள்வார்கள். அது தொலைந்த காசு இல்லை, நம் பெயரில் பங்காக நிற்கும். ஆனால் அப்பா தன் பங்குக்கு வாரிசுதாரர் பெயரே கொடுத்து வைக்கவில்லை. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் பங்கை வாங்க நான் அலைந்த பஸ் செலவு அதைவிட அதிகம். உறுப்பினராக இருக்கும் யாரும் இந்த ஒரு வரியை மட்டும் நாளைக்கே போய் எழுதிக் கொடுத்துவிடலாம். பட்டா மாற்றுவதாக இருந்தால் மாசி, பங்குனியில் தொடங்குங்கள். மேட்டூர் திறந்த பிறகு விஏஓவைப் பிடிப்பது, ஐப்பசியில் டிராக்டர் பிடிப்பது போல.

எவ்வளவு கிடைக்கும் என்பது செகரட்டரியின் தயவில் இல்லை. மாவட்டத்தில் தொழில்நுட்பக் குழு ஒன்று வருஷா வருஷம் கூடி, நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, பருத்திக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு என்று அளவு போட்டு வைத்திருக்கும். அதில் ரொக்கம் ஒரு பகுதி, உரம் விதையாக ஒரு பகுதி. எனக்கு அப்போது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அறுபதாயிரம் வந்தது. உரப் பகுதியில் வயலுக்குத் தேவையில்லாத பொட்டாஷையும் தலையில் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வயல்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். மொத்தமாக ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை, அடியுரத்துக்கு ஒரு தடவை, மேலுரத்துக்கு ஒரு தடவை என்று பிரித்து எடுக்கலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. தமிழ்நாட்டில் கெடுவுக்குள் அசலைக் கட்டிவிட்டால் பயிர்க் கடனுக்கு வட்டி பூஜ்யம். விவசாயி கட்ட வேண்டிய வட்டியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. இதன் மதிப்பு புரிய வேண்டுமானால் வெளியில் வாங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் 'மூணு வட்டி' சாதாரணம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அறுபதாயிரத்துக்கு வருஷத்துக்கு 21,600. மூன்று ஏக்கர் சம்பாவில் செலவு போக நிற்கிற லாபம் பல வருஷங்களில் அவ்வளவு இருக்காது.

'கெடுவுக்குள்' என்ற சொல்லைத்தான் நான் சரியாகக் கேட்கவில்லை.

தை மாசம் அறுத்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு மாசியில் பணமும் வந்தது. அப்போதே கட்டியிருக்கலாம். அக்டோபர் வரை நேரம் கிடக்கிறதே, வட்டி இல்லாத பணத்தை எதற்கு அவசரப்பட்டுக் கட்டுவானேன் என்று ஒரு கணக்கு. பணம் தங்கை வளைகாப்புக்குப் போனது, மோட்டார் காயில் கட்டப் போனது. புரட்டாசியில் மறுபடி புரட்டி அறுபதாயிரத்தைக் கையில் வைத்தேன். கெடு 2015 அக்டோபர் 21. அன்றைக்கு ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. வெள்ளிக்கிழமை போனேன், செகரட்டரி திருவாரூரில் கூட்டத்துக்குப் போய்விட்டார், பூட்டு தொங்கியது. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நின்றேன்.

எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, 'நாலாயிரத்து இருநூத்தி சொச்சம் வட்டி வருதுங்க' என்றார்.

ஐந்து நாளுக்கு வட்டி போட்டால் ஐம்பது, அறுபது ரூபாய் வரும். அது ஐந்து நாளுக்கான வட்டி இல்லை. கெடு தாண்டிவிட்டால் சலுகை போய்விடும், பணம் வாங்கிய நாளிலிருந்து 7 சதவீதம் ஏறும். 60,000-க்கு ஒரு வருஷத்துக்கு 4,200. நாளொன்றுக்கு 840 ரூபாய் கொடுத்து நான் நாலு நாள் விடுமுறையும் ஒரு பூட்டிய கதவும் வாங்கியிருக்கிறேன். விடுமுறை உங்களுடையது, பூட்டும் உங்களுடையது, நான் எப்படிப் பொறுப்பு என்று சண்டை போட்டேன். எழுத்தர் நல்ல மனிதர். 'முன்னாடி வாரம் கட்டியிருக்கலாமே' என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து கடன் ஏறிய அன்றே பாஸ்புக்கில் கெடு தேதியை எழுதச் சொல்லி வாங்குவேன். வீட்டுத் தினசரி காலண்டரில் அதற்கு இருபது நாள் முன்னால் உள்ள தாளை மடித்து வைப்பேன். தீபாவளியை ஒட்டிக் கடன் வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பண்டிகை தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே நகரும், கெடு நகராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. அந்த வட்டியை அழுது கட்டிவிட்டு, நவம்பரில் மறுபடி அறுபதாயிரம் வாங்கினேன். 2016 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற அன்றே, அந்த மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். ஐந்து ஏக்கருக்குள் இருந்ததால் என் கடன் போய்விட்டது. 4,200 இழந்தவன் 60,000 பெற்றேன். எங்கள் சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கர். அவருக்குக் கிடைக்கவில்லை. 'ஒரு ஏக்கர் கூட வச்சிருந்தது குத்தமாடா' என்று கேட்டார். சித்தப்பாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கடுத்த பாடம் காப்பீட்டில். 2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. கடன் வாங்கியவர்களுக்கு அப்போது கட்டாயம், பிரீமியத்தைச் சங்கமே பிடித்துவிடும். 2020-லிருந்துதான் விருப்பம் என்று மாற்றினார்கள். வேண்டாமென்றால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், சும்மா இருந்தால் பிடித்துவிடுவார்கள். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். அந்த 2016 வருஷம் மேட்டூர் செப்டம்பரில்தான் திறந்தது, வடகிழக்கு மழையும் ஏமாற்றிவிட்டது. பயிர் கருகியது. இழப்பீடு வந்தபோது என் வயல் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்னைவிட ஏக்கருக்குப் பல ஆயிரம் அதிகம். அதே தண்ணீர், அதே மண், அதே கருகல்.

காரணம் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. நெல்லுக்கு இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. வருவாய் கிராமம்தான் கணக்கு. அந்தக் கிராமத்தில் சில இடங்களில் அளவாக அறுத்து எடை போட்டு, சராசரி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். நான் குடியிருப்பது ஒரு கிராமம், நிலம் இருப்பது அடுத்த வருவாய் கிராமம். கணினியில் ஏற்றியவர் என் வீட்டு முகவரியில் இருந்த ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ரசீதில் அது தெளிவாக அச்சாகியிருந்தது. நான் அதை மடித்துப் பீரோவில் வைத்ததோடு சரி. திருத்தக் கேட்டு மாவட்டம் வரை மனு கொடுத்தேன், காலம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போதெல்லாம் ரசீதை வாங்கியவுடன் கவுண்டரிலேயே நின்று நான்கு விஷயம் பார்க்கிறேன்: வருவாய் கிராமம், சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு, வங்கிக் கணக்கு எண். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

2018-ல் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் ஓட்டுப் பெட்டி, வரிசை என்று நினைக்காதீர்கள். பதினோரு இடம், பதினோரு மனு. யார் யார் என்று ஊரில் பெரியவர்கள் முந்தின நாள் ராத்திரியே பேசி முடித்திருந்தார்கள். பட்டதாரிப் பையன் ஒருத்தன் இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். போட்டியின்றித் தேர்வு. மாலை போட்டார்கள். அந்த மாலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு வருஷம் ஆனது.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. சங்கத்தில் கொட்டிக் கிடக்கும் பணம் என்று ஒன்று கிடையாது. உறுப்பினர் பங்கு, கொஞ்சம் டெபாசிட், மிச்சமெல்லாம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி கொடுப்பது. அதற்கு மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. மூன்று படி. கீழ்ப்படியில் வசூல் நின்றால் மேலே இருந்து வருவதும் நிற்கும். 'நிதி வரலைங்க' என்று செகரட்டரி சொல்லும்போதெல்லாம் அவர் தட்டிக்கழிப்பதாகவே நான் நினைத்திருந்தேன். பாதி நேரம் அது உண்மை. நம் சங்கத்தில் கடன் தாமதமானால் முதலில் கேட்க வேண்டியது, போன வருஷம் வசூல் எத்தனை சதவீதம் என்றுதான். அதைச் சொல்லத் தயங்கும் சங்கமாக இருந்தால் நகையை அங்கே வைப்பதற்கு முன் நான் ஒருமுறை யோசிப்பேன்.

நகைக் கடன்தான் பெரும்பாலான சங்கங்களுக்குச் சோறு போடுகிறது. பயிர்க் கடனில் மிஞ்சுவது சொற்பம். அதனால் நகை மதிப்பீட்டாளர் நாற்காலி சின்னதாக இருந்தாலும் அதிகாரம் பெரிது. நகை வைக்கும்போது மொத்த எடை, கல் கழித்த எடை இரண்டும் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். பையைக் கட்டி முத்திரை வைக்கும்வரை நகர வேண்டாம். என் அம்மாவின் ஆரத்துக்குக் கல் எடையே எழுதாமல் விட்டிருந்தார்கள். மீட்கும்போது சண்டை வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம்.

நிர்வாகக் குழுக் கூட்டம் மாதம் ஒருமுறை. தீர்மானப் புத்தகம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். டீ வரும், மிக்சர் வரும், புத்தகம் சுற்றி வரும். கையெழுத்துப் போடுவோம். இரண்டாம் வருஷம் தணிக்கையில் உரக் கிடங்கில் இருப்புக் குறைவு கண்டுபிடித்தார்கள். வாங்குபவர் இயந்திரத்தில் விரல் ரேகை வைத்து எடுத்ததாகப் பதிவான மூட்டைக்கும் உண்மையில் போன மூட்டைக்கும் கணக்கு உதைத்தது. கூட்டுறவுச் சட்டத்தில் 81-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'எண்பத்தொண்ணு போட்டுட்டாங்க' என்று சொன்னால் விசாரணை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வருவது 87, சங்கத்துக்கு வந்த நஷ்டத்தைக் காரணமானவர்களிடமிருந்து வசூலிப்பது. 'காரணமானவர்கள்' பட்டியலில் பொருள் இருப்பை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்ட நாங்கள் பதினோரு பேரும் இருந்தோம், விளக்கம் கேட்டுத் தாள் வந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒரு மூட்டை யூரியா எடுத்ததில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். கடைசியில் விற்பனையாளர் பணத்தைக் கட்டிவிட்டதால் எங்கள் மேல் வரவில்லை. அதற்கப்புறம் கூட்டத்துக்கு அரைமணி முன்னால் போய்த் தீர்மானத்தை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன். கிடங்கைத் திறக்கச் சொல்லி மூட்டையை எண்ணுவேன். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை, 'வாத்தியார் வந்துட்டாரு' என்பார்கள். நீங்கள் உரம் வாங்குபவராக மட்டும் இருந்தாலும் இதில் உங்களுக்கு வேலை உண்டு. விரல் வைத்தவுடன் வரும் பில்லை வாங்குங்கள், அதில் எத்தனை மூட்டை என்று பாருங்கள். இரண்டு மூட்டை எடுத்தவர் பெயரில் ஐந்து மூட்டை ஏறுவது எங்கள் சங்கத்தில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் ஒரு பொருளை 'இதையும் எடுத்தாத்தான்' என்று கட்டினால் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்வது சுலபம், நடவு முடிந்து இருபதாம் நாள் கவுண்டரில் நிற்கும்போது அந்தத் தைரியம் எனக்கே வந்ததில்லை.

ஜாமீன் கதைக்கு வருகிறேன். 2018 அக்டோபரில் என் பங்காளி ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒன்றாக விளையாடி வளர்ந்தவன், மறுக்க முடியுமா. அடுத்த மாதம் கஜா புயல் வந்து அவன் தென்னை அத்தனையும் சாய்ந்தது. அவன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். 2019 கெடு தாண்டியது. ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ். அனுப்பியது நான் உறுப்பினராக இருக்கும் அதே நிர்வாகக் குழு. அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்த தீர்மானத்தில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு அடுத்த கடனும் நின்றது. பாதியை நான் கட்டினேன்.

அந்த நவம்பரில் கூட்டுறவு வார விழா. ஏழு வண்ணக் கொடி ஏற்றி, 'கூட்டுறவே நாட்டுயர்வு' என்று பேனர் கட்டி, வந்த அதிகாரி பழைய கதை சொன்னார். திருவள்ளூர் பக்கம் திரூரில் 1904-ல் தொடங்கிய சங்கம்தான் நம் பக்கத்துக்கு முதல் கிராமக் கடன் சங்கம். அதற்கு முன்னால் சென்னை அரசாங்கம் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, விவசாயிகளுக்கு எப்படிக் கடன் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னது. அவர் பெரிய அறிக்கை எழுதி, ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடித்தாராம்: ரெய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள். ரெய்ஃபைசன் ஜெர்மனியில் ஒரு கிராமத்து மேயர். அவர் நடத்திய சங்கங்களில் ஒருவன் கட்டாவிட்டால் எல்லா உறுப்பினருக்கும் பொறுப்பு உண்டு. அதனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஊரே பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அது பங்காளியின் நோட்டீஸ் மாதிரியே கேட்டது. ஊரே ஊருக்கு ஜாமீன் என்றால் தாங்கும். எங்களிடம் அது சுருங்கி, மறுக்க முடியாத இரண்டு உறவுக்காரர்களின் கையெழுத்தாகிவிட்டது. இப்போது யாராவது ஜாமீன் கேட்டால், 'கெடு என்றைக்கு, அன்றைக்கு நீ ஊரில் இருப்பாயா' என்று இரண்டு கேள்வி கேட்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

நான் பாதி கட்டிய அந்தக் கடனின் மீதி 2021-ல் தள்ளுபடியானது.

அந்த 2021 பிப்ரவரி 5. சட்டமன்றத்தில் அறிவிப்பு: ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கூட்டுறவுப் பயிர்க் கடன் முழுவதும் தள்ளுபடி, 12,110 கோடி ரூபாய், 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள். ஏக்கர் வரம்பு இல்லை. அந்த ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்துக் கிடந்தது. சொசைட்டி வாசலில் பட்டாசு வெடித்தார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் கோடைப் பருத்திக்காக 2020 பிப்ரவரியில் 1,10,000 வாங்கியிருந்தார். கெடு பிப்ரவரியில். எப்போதும் கெடுவுக்கு முன்னால் கட்டிவிடும் ஆள். பயிர் சாய்ந்துபோயும், கறவை மாட்டை விற்றுப் பணம் புரட்டி ஜனவரி 27 அன்று கட்டியிருந்தார். நான்தான் அன்று கவுண்டரில் பக்கத்தில் நின்று ரசீது வாங்கிக் கொடுத்தேன். புதுக் கடனுக்கு மனுவும் அன்றே எழுதினோம், ஆனால் அந்தக் கடன் அதற்குள் வழங்கப்படவில்லை. ஜனவரி 31 அன்று அவர் பெயரில் ஒரு ரூபாய் நிலுவை இல்லை.

'ஏதாவது செய்ய முடியுமா தம்பி' என்று கேட்டார். நிர்வாகக் குழு உறுப்பினரிடம் கேட்ட கேள்வி அது. முடியாது என்று எனக்குத் தெரியும். தேதி முடிந்துவிட்டது. சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். செகரட்டரி பேரேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். 27.01.2021, அசல் வரவு. பச்சை மையில் சிறு டிக்.

தள்ளுபடி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஜனவரி மழையில் நாசமான வயல்களை நேரில் பார்த்தவன். ஆனால் கட்டுகிறவனைப் பைத்தியக்காரன் ஆக்கும் ஒரு காரியத்தை அடிக்கடி செய்தால், சங்கத்தில் அடுத்த வருஷம் யார் கட்டுவார்கள்? அதற்கடுத்த பருவத்தில் எங்கள் வசூல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தள்ளுபடித் தொகையை அரசு சங்கங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, தவணையாகத்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் சங்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இளம் விவசாயிகள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: கட்டாமல் காத்திருந்தால் என்ன? என் கணக்கைச் சொல்கிறேன். தள்ளுபடி வந்தது 2006-ல், 2016-ல், 2021-ல். நடுவில் ஒரு தடவை பத்து வருஷம், ஒரு தடவை ஐந்து. 2006 போனதும் அடுத்ததை நம்பிக் கட்டாமல் இருந்தவனுக்கு அத்தனை வருஷமும் சொசைட்டிக் கதவு மூடிக்கிடந்திருக்கும், அவன் மூணு வட்டிக்குப் போயிருப்பான். அறுபதாயிரத்துக்கு வருஷம் 21,600. மூன்று வருஷத்தில் அசலைத் தாண்டிவிடும். வட்டியில்லாக் கடனை வருஷா வருஷம் கட்டிக் கட்டி வாங்குவதே எனக்கு லாபமாக இருந்தது. நடுவில் தள்ளுபடி வந்தால் அது லாட்டரி. லாட்டரியை நம்பி நாற்று விட முடியாது.

கோயில் நிலம் குத்தகைக்குச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடமும் இப்போது நாலு மா கோயில் நிலம் இருக்கிறது. குத்தகை பாக்கி இல்லாமல் ரசீது, அடங்கலில் சாகுபடிதாரராக உங்கள் பெயர், இந்த இரண்டும் இருந்தால்தான் மனுவைக் கையில் வாங்குவார்கள். வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் வைப்பவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களுக்குச் சொசைட்டியில் வழி கிடையாது. இதைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசினாலும் 'மேலிடத்துல சொல்றோம்' என்பதோடு நின்றுவிடும்.

2023-ல் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். சாவியும் தீர்மானப் புத்தகமும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டபோது கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் போட்டேன். ஓட்டுக் கட்டடம் அப்படியே இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பணம் மத்திய கூட்டுறவு வங்கிக் கணக்கில் ஏறுகிறது, அட்டையைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். போனில் குறுஞ்செய்தி வருகிறது. கெடு தேதியை மட்டும் இன்னமும் யாரும் தானாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

சித்தப்பா இப்போதும் பருத்திதான் போடுகிறார். போன தை மாசம் போன் செய்தார். பணம் கையில் இருக்கிறதாம், கெடுவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதாம்.

'கட்டிடலாமா, இல்ல கொஞ்சம் இருக்கச் சொல்றியா? தேர்தல் வேற வருதுங்குறாங்க. உனக்கு ஏதும் தேதி தெரியுமாடா?'

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் இப்போது எந்தக் குழுவிலும் இல்லை சித்தப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது. அப்புறம், 'சரி, நாளைக்குக் காலைல வண்டி எடுத்துக்கிட்டு வா, மழை வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடுவோம்' என்றார்.